பொலிகாளையின் விந்தணு வடிவமும் பசுக்களின் சினைப்பேறும்

ஒரு பசு சினை பிடியாவிடில் நஷ்டம் ஒரு கன்றோடு நிற்கும். பொலிகாளை குறையுடையதாயின், அதனிடம் விடப்படும் பசுக்களில் பல திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். அவ்வாறிருந்தும் குடியானவர்கள் பெரும்பாலும் பசுவையே மலடென்று கருதி, வந்த விலைக்குச் சந்தையில் விற்றுவிடுகின்றனர். திமிலும் கொம்பும் நிறமும் காளையின் ஜாதியைக் காட்டுமேயன்றி, விந்தின் தரத்தைக் காட்டமாட்டா.

விந்தணுவின் அமைப்பு:- காளையின் விந்தணு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கிற்கும் குறைந்த நீளமுடையது. தட்டையான அதன் தலையில் தகப்பன்வழிக் குணங்கள் அடங்கியுள்ளன. தலையின் நுனியைக் குல்லாய் போல் மூடியுள்ள உறை, கருமுட்டையின் மேற்றோலைத் துளைக்க உதவுகிறது. நடுப்பகுதி சக்தியை அளிக்கிறது. வால் நீந்துவதற்குப் பயன்படுகிறது.

வடிவக்கேடு:- 1934-ம் வருஷத்தில் சுவீடன் தேசத்துக் கால்நடை மருத்துவ அறிஞர் நில்ஸ் லாகர்லோஃப், சினைப்படுத்தும் திறன் குன்றிய காளைகளின் விந்தையும் விதைகளையும் ஆராய்ந்து, விதைகளின் கோளாறு அணுக்களின் வடிவத்தில் வெளிப்படுவதை விளக்கினார். வால் சுருண்ட அணு கருமுட்டையை அடைவதில்லை. மற்ற நல்ல அணுக்கள் ஏராளமாயிருப்பின் இக்குறை ஓரளவு ஈடாகும். தலையில் கேடுள்ள சில அணுக்களோ முட்டையை அடைந்து கருவுறச் செய்தும், அக்கரு நிலைப்பதில்லை. இதற்கு எண்ணிக்கையால் ஈடு கிடையாது. கோணலான அணுக்கள் சில எக்காளையிடத்தும் உண்டு. எனினும் 100-க்கு 70-க்குக் குறையாமல் செவ்வையானவை இருத்தல் வேண்டுமென்பது பரிசோதகர் பலர் கைக்கொள்ளும் அளவு.

காரணங்கள்:- விதைகள் உடலின் உஷ்ணத்தைவிடச் சில டிகிரி குளிர்ந்திருந்தாலன்றி நல்ல அணுக்கள் உண்டாகா. கடும் வெய்யில், காய்ச்சல், விதைப்பையில் அடி அல்லது வீக்கம் ஆகியவை கேடு விளைவிக்கும். சீமை இனக் காளைகள் நாட்டினத்தைவிட வெய்யிலால் அதிகம் பாதிக்கப்படும். ஓர் அணு உருவாக ஏறக்குறைய 61 நாட்களும், பின்னர் முதிர்ந்து வெளிவரச் சுமார் 10 நாட்களும் ஆகின்றன. ஆகவே சித்திரையில் காய்ச்சல் கண்ட காளை வைகாசியில் தெளிந்து கொழுத்து நின்றாலும், அதன் விந்து சீர்ப்பட ஆனி பிற்பகுதியோ அதற்கு மேலுமோ ஆகலாம்.

செய்யத்தக்கவை:-

1. காளை வாங்குமுன்னும், பொலிக்கு விடுமுன்னும் கால்நடை வைத்தியரைக்கொண்டு விந்தைப் பரிசோதித்தல் வேண்டும். வடிவத்துடன் அணுக்களின் ஓட்டம், விதைப்பையின் சுற்றளவு, கால்களின் உறுதி, தொத்து நோயின்மை ஆகியவற்றையும் பார்த்தல் அவசியம்.

2. கோடையில் நிழலும் வேண்டிய தண்ணீரும் கொடுக்கவேண்டும்.

3. நோயுற்றுத் தேறிய காளையை 70 நாட்களேனும் கழித்து மறுபரிசோதனை செய்து, நலமெனக் கண்ட பின்னரே விடவேண்டும்.

4. பசுக்கள் விடப்பட்ட தேதியையும் அவை மறுபடி பருவத்துக்கு வந்த தேதியையும் குறித்துவைக்கவேண்டும். பல பசுக்கள் ஒருங்கே திரும்பினால் முதலிற் சோதிக்கவேண்டியது காளையையே. பொதுக் காளை வைத்துள்ள ஊர்களில் கிராம அதிகாரிகள் இக்குறிப்பைப் பேணச் செய்வார்களாயின், நல்ல பசுக்கள் பல மலடென்ற பழியினின்றும் தப்பும்.