அம்மாயியை உட்காரவைத்துவிடாதே

அன்புள்ள கதிர்,

பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய சத்துமாவு டின்கள் பென்னாகரம் வந்து சேர்ந்தன. அம்மாயி மேல் நீ வைத்திருக்கும் பாசம் எனக்குத் தெரியும். ஆனால் "எழுபது வயசாச்சு, ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்திரு" என்று போனில் சொன்னாயாமே, அதை மட்டும் இனிமேல் சொல்லாதே.

அறுபதைத் தாண்டினால் தசை வேகமாகக் கரைகிறது. உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகமாக. தொடையில் வலு போனவர்களால் தடுக்கினால் சமாளித்து நிற்க முடியாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டால் பலர் பழையபடி எழுந்து நடப்பதே இல்லை. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உடலை வருத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வாரம் மூன்று நாளாவது வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி வேண்டும் என்றும் அது சொல்கிறது. நம் ஆட்கள் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அம்மாயி நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது; நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மூட்டு வலி என்று அம்மாயி சொல்வதை வயசு என்று தள்ளிவிடாதே. நம் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரைச் சின்ன வயசிலிருந்தே வருஷக்கணக்காகக் குடித்தால் முதலில் பல்லில் காவி படியும். அளவு கூடக் கூட எலும்பிலும் மூட்டிலும் சேர்ந்து, கழுத்தும் முதுகும் விறைத்துப்போகும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் திறந்தார்கள். இருந்தும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரையே குடிக்கிற வீடுகள் உண்டு. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், துணிக்கும் பாத்திரத்துக்கும் போர்த் தண்ணீர் என்று வீட்டில் பிரித்து வைக்கச் சொல்.

சாப்பாட்டில் கால்சியம் குறைந்த உடம்பை ஃபுளோரைடு இன்னும் மோசமாகத் தாக்கும். நல்லவேளையாக நாம் கேழ்வரகு விளைகிற மண்ணில் இருக்கிறோம்: நூறு கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 2023-இல் நீலகிரியிலும் நம் தருமபுரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் சோதனைத் திட்டம் வந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஆனாலும் களி மட்டும் போதாது. கேழ்வரகில் புரதம் நூறு கிராமுக்கு ஏழு கிராம்தான். கொள்ளில் அதைப்போல மூன்று மடங்கு. களியோடு கொள்ளுப் பருப்பு, மொச்சைக் குழம்பு, முருங்கைக்கீரை, ஒரு முட்டை என்று ஏதாவது இருக்கட்டும். ஒரு நெல்லிக்காயும் நல்லது. பல் இல்லாததால் அம்மாயி இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெறும் ரசச்சோறு சாப்பிடுகிறார். குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கச் சொல். சர்க்கரை இருப்பவர் கேழ்வரகு என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடவும் கூடாது, பெரிய உருண்டையைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். பிரஷர் இருப்பதால் ஊறுகாயும் அப்பளமும் குறையட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் கேட்டால், இயன்முறை சிகிச்சைக்கு யாரைப் பார்ப்பது என்று சொல்வார். சத்துமாவு டின்களைத் தொடரும் முன் அம்மாயியின் சிறுநீரகப் பரிசோதனையை ஆஸ்பத்திரியில் காட்டிக் கேள்; சிறுநீரகம் பழுதென்றால் புரதத்தின் அளவே மாறும். அடுத்த மாதம் நீ வரும்போது இரண்டு நாள் சேர்த்து லீவு போடு, நாமே கூட்டிப் போவோம்.

அன்புடன்,
மாமா