லேப்டாப் வாங்குமுன்: விண்டோஸா, லினக்ஸா?

திருவனந்தபுரத்தில் பிள்ளைகளுக்கு லேப்டாப் வாங்குகிறவர்கள் முதலில் பள்ளியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் நடப்பது விண்டோஸில் அல்ல, லினக்ஸில். பூஜப்புராவில் உள்ள ‘கைட்’ நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்து அதைத் தயாரிக்கிறது. இலவசம்தான், வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபீஸ் எல்லாம் கூடவே வரும்.

ஆகவே, விண்டோஸ் இல்லாத மாடலைக் கடைக்காரர் குறைந்த விலைக்குக் காட்டினால் தயங்க வேண்டாம். பணம் கட்டுமுன் லினக்ஸ் உள்ள பென்டிரைவைச் செருகி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கக் கேளுங்கள். வைஃபை, ஒலி, கேமரா, கைரேகை நான்கையும் சோதியுங்கள். பெரும்பாலும் மக்கர் செய்வது கைரேகைதான். அது இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

வீட்டில் யாராவது டாலியில் கணக்கு எழுதினால் பேச்சே இல்லை, விண்டோஸ்தான்.

பழைய லேப்டாப் வாங்குவோர் கவனிக்க: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 வசதி இல்லாத கணினியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அப்படிப்பட்டதைச் சல்லிசாகக் கொடுத்தால், லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மேக்புக்கா? பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் இப்போது வரும் மாடல்களில் ராமைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே தாராளமாக எடுக்க வேண்டும். தமிழ் 99 விசைப்பலகை மூன்றிலும் உண்டு.