கணினியில் இசை எழுதுவோம்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

பாடிய பாட்டு காற்றோடு போய்விடும். எழுதிய பாட்டோ நிலைத்து நிற்கும். சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த கீதோ என்னும் பெனடிக்டின் சபைத் துறவி, கோடுகளின் மேல் சுரங்களைக் குறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன் வழிவந்ததே நம் பாடகர் குழுவினர் கையில் ஏந்தும் ஐந்து கோட்டுத் தாள். 1501-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பெத்ரூச்சி என்பவர் பல குரல் இசையை அச்சுக் கோத்து வெளியிட்டார். இன்று அவ்வேலையை நாமே கணினியில் செய்ய முடிகிறது. அதனை எளிதாகச் செய்யும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

இசை எழுதும் மென்பொருள்கள்

1988-இல் ஃபினாலே வெளிவந்தது. அதன் வளர்ச்சிப் பணி 2024-இல் நிறுத்தப்பட்டது. 1993-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்கள் சிபேலியஸ் என்பதை வெளியிட்டனர். 2016-இல் டொரிகோ வந்தது. இவற்றோடு மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருளும் உண்டு. இதனை யாவரும் இலவசமாகப் பெறலாம். ஆதலால் மாணவியராகிய நாம் இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

எளிமை என்றால் என்ன?

16 பார்கள் உள்ள ஒரு சிறு பாட்டை நினைத்துப் பார்ப்போம். பாருக்கு நான்கு சுரம் என்றால் 64 சுரங்கள். மூன்று குரல்களுக்கு எழுதினால் 192 சுரங்கள்! ஒவ்வொரு சுரத்துக்கும் மவுஸைப் பிடித்து, கோட்டைத் தேடி, குறி பார்த்து அழுத்தினால் கை சோர்ந்துவிடும். கை சற்று நழுவினாலும் சுரம் பக்கத்து இடைவெளியில் போய் உட்கார்ந்துவிடும். எனவே கை விசைப்பலகையை விட்டு நீங்காமல் இருப்பதும், வேண்டிய இடத்தைக் கண்கள் தேடி அலையாமல் இருப்பதுமே உண்மையான எளிமை எனலாம்.

சுரங்களை எழுதும் முறை

முதலில் 'என்' விசையை அழுத்த வேண்டும். உடனே எழுதும் நிலை வந்துவிடும். அடுத்து, சுரத்தின் கால அளவை எண்ணால் சொல்ல வேண்டும். 4 என்றால் குவேவர், 5 என்றால் கிராட்செட், 6 என்றால் மினிம், 7 என்றால் செமிபிரீவ். பின்னர்ச் சுரத்தின் எழுத்தை அழுத்தினால் போதும்.

நான்கு கிராட்செட் அளவுள்ள தாளத்தில் சி, டி, ஈ, எஃப் என்பவற்றைக் கிராட்செட்டாகவும், அடுத்த பாரில் ஜி சுரத்தை இருமுறை மினிமாகவும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'என்', 5, சி, டி, ஈ, எஃப், 6, ஜி, ஜி. ஒன்பதே அழுத்தங்களில் இரண்டு பார்கள் நிறைந்துவிடும்! கால அளவை ஒருமுறை சொன்னால், மாற்றும் வரை அதுவே நிற்கும். மௌனத்துக்கு 0. மேல் அம்பும் கீழ் அம்பும் சுரத்தை அரைச் சுரம் ஏற்றி இறக்கும். கண்ட்ரோல் விசையோடு அவற்றை அழுத்தினால் ஒரு ஸ்தாயி முழுவதும் மாறும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நடுவில் ஒரு சுரம் விட்டுப்போயிருந்து, அங்கே சென்று வழக்கம்போல் எழுதினால் பழைய சுரம் நகர்ந்து இடம் கொடுக்காது, அழிந்துவிடும். நகர்த்தி இடையில் சேர்ப்பதற்குத் தனி முறை உண்டு.

இடம் விட்டு இடம் செல்லுதல்

வலது, இடது அம்புகள் ஒவ்வொரு சுரமாக நடக்கும். கண்ட்ரோல் விசையும் சேர்ந்தால் ஒவ்வொரு பாராகத் தாண்டும். கண்ட்ரோலும் 'எஃப்' விசையும் அழுத்தி 32 என்று எழுதினால் 32-ஆம் பாரில் போய் நிற்கலாம். ஒத்திகையின்போது, "32-ஆம் பாரில் ஆல்ட்டோ தவறு" என்று ஆசிரியை சொன்ன மாத்திரத்தில் திருத்திவிடலாம் அன்றோ!

பார்வையற்றோருக்கும் இசை

இந்த எளிமையால் பெரும்பயன் அடைவோர் பார்வையற்ற இசைக் கலைஞர்களே. திரையில் குறி பார்த்து மவுஸை அழுத்துவது அவர்களால் இயலாது. ஆனால் விசைகளை விரல்கள் அறியும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் சேர்ந்தால், நிற்கும் சுரம் எது, அதன் அளவு என்ன, எந்தப் பார் என்பனவெல்லாம் காதில் ஒலிக்கும். லூயி பிரெயில் தாமே ஆர்கன் வாசித்தவர். இசைக்கென்று அவர் வகுத்த முறையில் ஆறு புள்ளிகளுக்குள் சுரமும் கால அளவும் அடங்கிவிடுகின்றன. மேல் நான்கு புள்ளிகள் சுரத்தையும், கீழ் இரண்டு புள்ளிகள் அளவையும் காட்டும். 2023-இல் வந்த மியூஸ்ஸ்கோர் பதிப்பு, எழுதும் இசையை உடனுக்குடன் பிரெயிலிலும் காட்டுகிறது. நம்முடைய சோம்பலைப் போக்கும் வசதி என்று நாம் எண்ணுவது, மற்றொருவருக்கு அடைபட்ட கதவைத் திறக்கும் சாவியாகிறது.

முடிவுரை

கணினி நல்ல எழுத்தர். ஆனால் இசையறிஞர் அன்று. தவறான சுரத்தைச் சொன்னால் அதனையும் அழகாகவே எழுதி வைக்கும். ஆகையால் சுரங்களைப் படிக்கவும் காதால் கேட்டறியவும் நாம் முதலில் கற்க வேண்டும். எழுதியதைக் கணினியிலேயே ஒலிக்கச் செய்து சரிபார்க்கும் பழக்கமும் வேண்டும். இவ்விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் நமக்குப் பிடித்த பாட்டு ஒன்றை எழுதிப் பழகுவோம். கற்றதைப் பிறருக்கும் கற்பிப்போம். பாடும் வாயும் எழுதும் கையும் சேர்ந்தால் நம் பாட்டு வரும் தலைமுறைக்கும் எட்டும்.