நாம சங்கீர்த்தனத்தில் முறைமையும் பத்தியும்

இசையோடு இறைவனை ஏத்துதல் நம் நாட்டிற்குப் புதியதொன்றன்று. தேவாரம் பாடிய மூவரும் ஆழ்வார்களும் பண்ணமைந்த பாட்டாலேயே பத்தியை வளர்த்தனர் என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. ஆயினும், சிவாலயங்களில் ஓதுவார் தேவாரத்தைப் பாட, அடியார் கேட்டு உருகி நிற்றலே பெருவழக்கு. இதனின் வேறுபட்ட வழிபாட்டு முறை ஒன்று சோழநாட்டில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகச் செழித்து வருகின்றது. அடியார் பலர் ஒருங்கு கூட, ஒருவர் முன்னே பாட, ஏனையோர் அதனையே வாங்கித் திரும்பப் பாடுவது அது. வீடும் மடமும் வீதியுமே அதற்குக் கோயில். அதனைப் பஜனை என்றும் நாம சங்கீர்த்தனம் என்றும் வழங்குவர்.

இம்மரபை ஆராயுமாறு நம்மைத் தூண்டியது ஒரு வினா. இறைவன் திருநாமத்தை எவர், எந்நிலையில், எவ்வாறு உரைப்பினும் அது பயன் தரும் என்பது இம்மரபின் அடிப்படைக் கொள்கை. அங்ஙனமாயின், இன்ன பாட்டின் பின் இன்ன பாட்டு, இன்ன இடத்தில் இன்ன இராகம் என்னும் விதிகள் எற்றுக்கு? அன்பு ஒன்றே போதுமெனின் விதி வீணன்றோ? விதி இன்றியமையாததெனின் அன்பு போதாதென்றாகாதோ? இவ்வினாவிற்கு அம்மரபே தரும் விடையை ஈண்டு காண முயல்வாம்.

மரபைத் தோற்றுவித்தோர்

பஜனை மரபிற்கு மூவரை முதல்வராகக் கூறுவர். முதலாமவர், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த போதேந்திர சரஸ்வதி. அவர் காஞ்சி காமகோடி பீடத்தின் தலைவராய் விளங்கியவர் என்பது மரபுச் செய்தி. அவரது சமாதி கோவிந்தபுரத்தில் உள்ளது. இரண்டாமவர், அவர் காலத்தவராகிய திருவிசநல்லூர் ஸ்ரீதர வேங்கடேசர். அவரை ஐயாவாள் என்று சிறப்பித்து அழைப்பர். மூன்றாமவர், மருதாநல்லூர்ச் சத்குரு சுவாமிகள் (1777–1817). இம்மூன்று ஊர்களும் கும்பகோணத்தைச் சூழ்ந்தவை.

முன்னை இருவரும் வடமொழியிற் பெரும்புலமை வாய்ந்தவர்; திருநாமத்தின் பெருமையை நூல்களால் நிலைநாட்டியவர். பாகவதத்தின் ஆறாம் கந்தத்திலுள்ள அசாமிளன் கதை இக்கொள்கையினர் பெரிதும் எடுத்தாள்வது. நெறி தவறி வாழ்ந்த அவன், சாகுங்கால் தன் மகனை 'நாராயணா' என அழைத்தான். மகனை எண்ணி அழைத்த அழைப்பே அவனைக் காத்தது என்பது கதை. கருத்தின்றிச் சொன்ன நாமமே காக்குமாயின், குலமும் கல்வியும் காலமும் இடமும் நோக்காது எவரும் அதனைச் சொல்லலாம் என்பது தானே பெறப்படும்.

இக்கொள்கை ஆசிரியர் இருவர்க்கு ஒரு நூற்றாண்டின் பின் தோன்றிய சத்குரு சுவாமிகள், அதற்கு ஓர் உருவம் அமைத்தார். இன்று வழங்கும் பஜனை முறைக்கு அடிகோலியவர் அவரே என்பர். நாமத்திற்கு விதியே இல்லை என்ற கொள்கையின் வழிவந்தவரே விதி வகுத்தார் என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

பஜனையின் அமைப்பு

பஜனை தோடய மங்களம் என்னும் தொடக்கப் பாடல்களோடு ஆரம்பமாகும். அவை நாட்டை இராகத்தில் தொடங்கும். அதன்பின் குரு வணக்கம். பின்னர்ச் சாதுக்களைப் போற்றும் பாடல்கள். அடுத்து, 12ஆம் நூற்றாண்டில் சயதேவர் இயற்றிய கீதகோவிந்தத்தின் அஷ்டபதி. அதனை அடுத்து, தஞ்சையைச் சார்ந்த வரகூரோடு தொடர்புடைய நாராயண தீர்த்தரின் கிருஷ்ணலீலா தரங்கிணியிலிருந்து தரங்கம். பின்னர்ப் பத்திராசல ராமதாசரின் தெலுங்குக் கீர்த்தனம், புரந்தரதாசரின் கன்னடப் பதம், நெரூர்ச் சதாசிவ பிரமேந்திரரின் வடமொழிப் பாடல், கோபாலகிருஷ்ண பாரதியாரின் தமிழ்ப் பாடல், தியாகராசரின் கீர்த்தனம் எனத் தொடர்ந்து செல்லும். மராட்டிய அபங்கங்களும், துளசிதாசர், கபீர்தாசர், மீராபாய் ஆகியோரின் இந்திப் பாடல்களும் இடம்பெறும். இவற்றுட் சில சத்குரு சுவாமிகளுக்குப் பிற்பட்டவை. முறை அவற்றையும் ஏற்றுக்கொண்டு வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டைக் கோபாலகிருஷ்ண பாகவதர் முதலியோர் அதனை விரித்துப் பரப்பினர்.

ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், பெரும்பாலும் அதே இராகத்தில், நாமாவளி ஒன்று வரும். பாகவதர் அடியெடுத்துக் கொடுக்க, கூட்டத்தார் திரும்பச் சொல்வர். மெல்லத் தொடங்கி விரைந்து ஓங்கும். கைத்தாளமும் சிப்ளாக்கட்டையும் மிருதங்கமும் உடன் ஒலிக்கும். பெருநாட்களில் திவ்வியநாமம் நிகழும். அப்பொழுது ஏற்றிய குத்துவிளக்கை நடுவே நிறுத்தி, அதனிடத்து இறைவனை எண்ணி, அடியார் வலம் வந்து ஆடிப் பாடுவர். இராதா கல்யாணத்தில் அஷ்டபதிகள் இருபத்து நான்கும் பாடப்பெறும்.

இவ்வரிசையில் இத்தனை மொழிகள் கலந்தமை தற்செயலன்று. நாயக்கர் ஆட்சியால் தெலுங்கும், 1676ஆம் ஆண்டளவில் தொடங்கி 1855இல் முடிவுற்ற மராட்டியர் ஆட்சியால் மராட்டியும் தஞ்சையில் வேரூன்றின. வடமொழிக் கல்வியும் தமிழும் முன்னரே நிலைபெற்றவை. அரசியல் கொணர்ந்து குவித்த மொழிகளைப் பத்தி ஒரே மாலையாகத் தொடுத்தது என்று கூறலாம்.

விதி யார்பொருட்டு?

இனி, முன்னர் எழுப்பிய வினாவிற்கு வருவாம். இவ்விதிகள் இறைவனை இணக்குதற்கு வகுத்தனவல்ல. நாமம் பயன் தருதற்கு வேண்டியனவுமல்ல. மூன்று பயன் கருதி அவை அமைந்தன என்பது நமது துணிபு.

முதலாவது, அவை கூட்டத்திற்குத் துணை. அடுத்து வருவது இன்னதென அறிந்தவன் அஞ்சாது வாய்திறப்பான். எழுத்தறியாதானும் சிறு குழந்தையும் பலகாற் கேட்டுப் பழகிய வரிசையில் தாமே கலந்து கொள்வர். பாடுவோன் தன் விருப்பம்போல் நாடோறும் புதியன புகுத்துவானாயின், கூட்டம் வாய்மூடிக் கேட்கும் அவையாகிவிடும். நீண்ட கீர்த்தனத்தைத் தொடர இயலாதானும் நாமாவளியைத் திரும்பச் சொல்ல இயலும். ஒவ்வொரு கீர்த்தனத்தின் பின்னும் நாமாவளியை வைத்தமையால், கல்லாதான் நெடுநேரம் புறத்தே நிற்க நேராதபடி செய்தனர் முன்னோர்.

இரண்டாவது, அவை முன் நிற்பானுக்குக் கடிவாளம். இனிய குரலும் இசைப் புலமையும் உடையான் தன் திறனைக் காட்ட விழைதல் இயல்பு. முறையோ அவனைக் குரு வணக்கத்தோடு தொடங்கச் செய்கின்றது. தன்னினும் பெரியார் பலரின் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தன் நாவில் ஏற்றச் செய்கின்றது. தான் உச்சத்தை எட்டும் தருணத்தே பாட்டைக் கூட்டத்தின் கையில் ஒப்படைக்கச் செய்கின்றது. தனக்கு எளிய மொழியை மட்டும் தெரிந்துகொள்ளவும் அவனுக்கு உரிமையில்லை.

மூன்றாவது, அவை நினைவின் காவல். செருக்கற்ற அடியார் பலர் தம் வாழ்நாளெல்லாம் உருகிப் பாடியவை, ஒரு தலைமுறையின் சுவைக்கேற்பக் கைவிடப்படாமல் அடுத்த தலைமுறையை எய்துகின்றன. வரிசை என்பது ஈண்டு வெறும் பட்டியலன்று; முன்னோர் அனைவரும் ஒருங்கு அமர்ந்த பந்தி எனலாம்.

பாட்டின் எல்லையோடு இம்முறை நிற்கவில்லை. உஞ்சவிருத்தி என்பது அதன் மற்றொரு கூறு. பாகவதர் கையில் பாத்திரம் ஏந்தி, நாமத்தைப் பாடிக்கொண்டு வீதியிற் செல்வார். இல்லத்தார் இடும் அரிசியை ஏற்பார். சத்குரு சுவாமிகளும் தியாகராசரும் அவ்வாறே வாழ்ந்தனர் என்பர். பாடுதற்கு விலை பேசாது, ஈவார் ஈவதை ஏற்றல் என்பது குரலுக்கன்று, வாழ்க்கைக்கு வகுத்த விதி.

தியாகராசர் காட்டிய வழி

எளிமையும் ஒரு தரமே என்பதைத் தியாகராசர் (1767–1847) வாழ்வு விளக்குகின்றது. அருநுட்பம் செறிந்த கிருதிகளை இயற்றிய அவரே, பஜனைக்கென்று திவ்வியநாம கீர்த்தனங்களையும் உற்சவ சம்பிரதாய கீர்த்தனங்களையும் இயற்றினார். இவற்றுட் பெரும்பாலானவற்றில் மெட்டு எளிது. சரணங்கள் பல இருப்பினும் ஒரே மெட்டில் அமையும். முதற் சரணத்தைக் கேட்டவன் இரண்டாம் சரணத்தில் உடன் பாடலாம். அரிய சங்கதிகளை அமைக்க வல்ல பேரறிஞர், அவற்றை வேண்டுமென்றே விலக்கி வைத்தமை ஆற்றலின் குறைவன்று. எவ்விடத்தில் புலமை தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிதலும் புலமையே. பத்தியில்லாத இசையறிவு நன்னெறியாகாது என்று பாடியவரும் அவர். பத்தியுண்டென்று சொல்லிச் சுருதியும் தாளமும் பிழைக்கப் பாடுதலையும் அவர் ஒப்பியவரல்லர். அன்புடையான் தான் அன்பு செய்வார்க்கு அளிப்பதைச் செம்மையாக அளிக்கவே முயல்வான். பிறரோடு பாடுவான் அவர் தாளத்தைக் கெடாமற் காப்பான்.

விதியினும் பெரியது

முறைமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் இம்மரபே கூறுகின்றது. ஐயாவாளைப் பற்றி வழிவழி வழங்கும் கதை ஒன்றுளது. தந்தையாரின் சிராத்த நாளன்று, தாழ்ந்தவர் எனப்பட்ட குலத்தான் ஒருவன் பசியால் வாடி நிற்றலைக் கண்டு, வேதியர்க்கென ஆக்கிய உணவை அவனுக்கு அளித்தார் ஐயாவாள். ஊரார் வெகுண்டனர், கங்கையில் நீராடி வந்தாலன்றிக் கழுவாய் இல்லை என்றனர். அவர் மனமுருகிப் பாட, வீட்டுக் கிணற்றிலேயே கங்கை பொங்கி எழுந்தது என்பது கதை. இன்றும் கார்த்திகை அமாவாசையன்று மக்கள் திரண்டு வந்து அக்கிணற்று நீரில் ஆடுகின்றனர். இதனை வரலாறு எனக் கொள்ளாதாரும் இதன் கருத்தை மறுக்க இயலாது. அன்பைத் தடுக்கும் விதியின் பக்கம் கங்கை நிற்கவில்லை.

பஜனையின் முடிவில் அடியார் ஒருவரையொருவர் தண்டனிட்டு, அடிப்பொடியைத் தலைமேற்கொண்டு தழுவிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆண்டு மூத்தார் இளையார் என்னும் வேற்றுமை நோக்கார். சென்னையில் நிகழ்ந்த பஜனைகளை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் மில்டன் சிங்கர், 1966இல் வெளிவந்த கட்டுரையில் இச்சமத்துவ உணர்வை விரித்துரைத்தார். ஆயின் அக்கூட்டங்களில் கலந்துகொண்டோர் பெரும்பாலும் ஒரு வகுப்பாரே என்பதும் அவர் கண்ட உண்மை. நாமம் எல்லார்க்கும் பொது என்று பாடும் அவையின் வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததா என்னும் வினாவினின்று இம்மரபு தப்ப இயலாது. பிழைபடாத தாளம் இக்குறையை நிரப்பாது.

நமக்குரியது

இவ்வாராய்ச்சி கிறிஸ்தவராகிய நமக்கு அயலானதன்று. சத்குரு சுவாமிகளும் தியாகராசரும் வாழ்ந்த காலத்தே, அத்தஞ்சை நாட்டிலேயே, வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்துவின் புகழைத் தமிழிசையிற் பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என அமைந்த பாடல்களை நம் திருச்சபைகள் இன்றும் கீர்த்தனை என்றே வழங்குகின்றன. ஒரே மண்ணில், ஒரே இசை மரபினின்று இருவேறு சமயத்தார் நீர் மொண்டனர். குறையிலும் நாம் வேறுபட்டிலம். தஞ்சைத் திருச்சபையில் 19ஆம் நூற்றாண்டில், யார் எவ்விடத்து அமர்வது என்னும் சாதிப் பூசல் நிகழ்ந்ததை வரலாறு மறைக்கவில்லை. ஆதலின் பிறர் அவையை அளக்கும் கோலால் நம் அவையையும் அளத்தல் கடன்.

இக்காலத்தில் பஜனை மேடையேறியிருத்தலையும் காண்கின்றோம். ஒலிபெருக்கியின் முன் பாகவதர் பாட, மக்கள் இருக்கையில் அமர்ந்து கேட்டுக் கைதட்டி மீள்கின்றனர். பாடற் குழு மட்டும் பாட, சபையார் கேட்டிருக்கும் ஆலயங்களும் உள. இரண்டிடத்தும் தரம் உயர்ந்திருக்கலாம். ஆயின் அத்தரம் யார்பொருட்டு என்பதே வினா.

முன்னோர் வகுத்த முறையினின்று நாம் அறியும் அளவுகோல்கள் மூன்று. பாட்டு முடிந்தபொழுது கூட்டத்தாரின் வாய் திறந்ததா? முன் நின்று பாடினானின் தலை தாழ்ந்ததா? வெளியே நின்றான் உள்ளே வந்தானா? இம்மூன்றிற்கும் ஆம் என்னும் விடை வருமாயின், ஆண்டு முறைமையும் பத்தியும் இரண்டல்ல. அவ்விடை வாராதாயின், இராகமும் தாளமும் வரிசையும் எத்துணைச் செம்மையாயிருப்பினும் பயனில்லை. இசை பயிலும் நம் கல்லூரி மாணாக்கர், எச்சமயத்தாராயினும், இதனை உளங்கொண்டு பாடுவாராக.