இரைச்சல் எந்த வீட்டிலிருந்து?

கேள்வி: மாலையானால் எங்கள் தெருவில் ரேடியோ ஒரே இரைச்சல். காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் உங்கள் வீட்டையே சந்தேகப்படுங்கள். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரை மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு மெயின் ஸ்விட்சை அணையுங்கள். சத்தம் நின்றால் கோளாறு உள்ளேதான். பெரும்பாலும் மலிவான எல்.இ.டி. பல்போ செல்போன் சார்ஜரோ. நிற்கவில்லையா, ரேடியோவோடு தெருவில் இறங்குங்கள். அதனுள் இருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஆன்டெனா. பெட்டியை மெல்லச் சுற்றினால் ஒரு நிலையில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அப்போது கம்பி நீளவாக்கில் காட்டும் கோட்டில், முன்னாலோ பின்னாலோ, ஆசாமி இருக்கிறார். வேறோர் இடத்தில் நின்றும் பாருங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைத் தேடுங்கள். மின்கம்பிகளும் இரைச்சலைச் சுமந்து வந்து ஏமாற்றும், அவற்றைவிட்டுத் தள்ளியே நில்லுங்கள்.

இப்படிப்பட்ட இரைச்சல் ரேடியோவை மட்டுமல்ல, இன்டர்நெட்டையும் கெடுக்கும். வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் 18 மாதங்களாகத் தினமும் காலை 7 மணிக்கு இன்டர்நெட் படுத்துக்கொண்டது. கேபிளை மாற்றியும் பலனில்லை. 2020-இல் பொறியாளர்கள் அலைகளை அளக்கும் கருவியோடு விடியற்காலையிலேயே மழையில் ஊரைச் சுற்றினார்கள். சரியாக 7 மணிக்குச் சிக்கியது, ஒரு வீட்டின் பழைய டி.வி. பாவம், வீட்டுக்காரருக்கு விஷயமே தெரியாது. இனி அதைப் போடுவதில்லை என்று உடனே ஒப்புக்கொண்டார்.

அதனால் பக்கத்து வீட்டில் சண்டைக்குப் போகாதீர்கள். ரேடியோவை அவர் கையில் கொடுத்து, பல்பை ஒருமுறை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.