விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு விஞ்ஞானம்: ஒரு பிடி பயறுடன் தொடங்குவோம்

இடம்பெயரும்போது பிள்ளைகளின் படிப்பு குழம்பிப் போகிறது. கட்புலன் குறைந்த பிள்ளை, காது கேளாத பிள்ளை, மெல்லக் கற்கும் பிள்ளை என்றால் நிலைமை இன்னும் கடினம். ஏனைய பிள்ளைகள் புதிய பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பின்னரும் இப்பிள்ளை கொட்டிலிலேயே தங்கிவிடக்கூடும். பாடசாலைக்குப் போனாலும், “எழுத வாசிக்கப் பழகினால் போதும், விஞ்ஞானம் இதற்கு விளங்காது” என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு சரியானதா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

விஞ்ஞானம் என்றால் என்ன?

ஒன்றைக் கூர்ந்து அறிதல், ஏன் என்று கேட்டல், இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தல், செய்து பார்த்தல், கண்டதைக் குறித்து வைத்தல் ஆகியனவே விஞ்ஞானம். கமக்காரர் தினமும் இதைத்தான் செய்கிறார். மண்ணைக் கையில் பிடித்து உருட்டி ஈரத்தை அறிகிறார். நெல்மணியைக் கடித்து அது நன்கு காய்ந்ததா என்று பார்க்கிறார். எரு உக்கிவிட்டதா என்பதை மணத்தால் அறிகிறார். இவற்றைக் கண் மட்டும் செய்வதில்லை. ஒரு புலன் குறைந்த பிள்ளைக்கு ஏனைய புலன்களின் வழியைத் திறந்துவிடுவதே நம் வேலை.

விரல்களால் ஆராய்ந்த விஞ்ஞானி

கீரட் வெர்மை 1946இல் நெதர்லாந்தில் பிறந்தவர். மூன்று வயதில் பார்வையை முற்றாக இழந்தார். 1955இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். அங்கே ஆரம்ப வகுப்பு ஆசிரியை ஒருவர், புளோரிடாக் கடற்கரையில் பொறுக்கிய சங்குகளையும் சிப்பிகளையும் வகுப்பறை யன்னலோரம் வைத்திருந்தார். சிறுவன் அவற்றைத் தடவிப் பார்த்தான். ஏன் ஒன்று வழுவழுப்பாகவும் இன்னொன்று முள்ளாகவும் இருக்கிறது என்ற கேள்வி அவனுக்குள் எழுந்தது. அந்தக் கேள்வியோடு வளர்ந்து, 1971இல் யேல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் கலிபோர்னியாவில் பேராசிரியரானார். நண்டுகள் உடைக்க முயன்று முடியாமற்போன ஓடுகளில், உடைவு பொருந்திய தழும்புகளை விரல்நுனியால் அறிந்தார். எதிரிக்கு ஈடுகொடுக்கவே ஓடுகள் காலப்போக்கில் தடிப்பாயின என்று விளக்கினார்.

அந்த ஆசிரியைக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. பொருளைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

செய்து பார்ப்போம்

தேவையானவை: ஒரு பிடி பயறு, மூன்று சிரட்டை, மணல், சிறிது தேங்காய் எண்ணெய், தென்னை ஈர்க்குகள், ஒரு மட்டை அட்டை.

1. பயறை ஓரிரவு ஊறவைக்கவும். ஊறாத பயறையும் ஊறிய பயறையும் பிள்ளையின் இரு கைகளிலும் கொடுக்கவும். எது பெரிது? எதன் தோல் கழருகிறது?

2. முதலாம் சிரட்டையில் ஈரமணலில் பத்து ஊறிய விதைகளை இடவும். இரண்டாம் சிரட்டையில் காய்ந்த மணலில் ஊறாத விதைகளை இடவும். மூன்றாவதில் கொதித்தாறிய நீரை ஊற்றி, ஊறாத விதைகளை இட்டு, மேலே எண்ணெய் படர விடவும். கொதிக்கும்போது நீரிலுள்ள வளி வெளியேறும். எண்ணெய் புதிய வளியைத் தடுக்கும். நீரைக் கொதிக்க வைப்பது பெரியவரின் வேலை.

3. எது முளைக்கும் என்று பிள்ளையிடம் முதலே கேட்கவும். சரியா பிழையா என்று உடனே சொல்ல வேண்டாம்.

4. முதலாம் சிரட்டையின் மணலை ஈரமாக வைத்திருக்கவும். அதில் முளை வரும். காய்ந்த மணலில் வராது. மூன்றாவதில் விதை ஊதும், ஆனால் நாற்றாக வளராது. முளைக்க நீரும் வேண்டும், வளியும் வேண்டும். வெள்ளம் நின்ற வயலில் பயறு ஏன் அழிகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

5. நாளொன்றுக்கு ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைத் தடவிப் பார்க்கவும். ஒன்றை மட்டும் அளப்பதற்கு விட்டுவைக்கவும். தினமும் மாலையில் ஓர் ஈர்க்கை அதன் அருகில் பிடித்து, நாற்றின் உயரத்துக்கு முறிக்கவும். ஈர்க்குகளின் அடி ஒரே நேராக இருக்கும்படி அட்டையில் வரிசையாக ஒட்டவும்.

ஒரு வாரத்தில் அட்டையில் படிப்படியாக உயரும் ஈர்க்கு வரிசை இருக்கும். பாடசாலையில் சலாகை வரைபு என்பது இதுவே. பார்வையற்ற பிள்ளை விரலால் வாசிக்கும். காது கேளாத பிள்ளைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. இலக்கம் அறியாத பிள்ளைக்கும் நாற்று வளர்ந்தது விளங்கும்.

பிள்ளைக்கு ஏற்ற முறை

கட்புலன் குறைந்த பிள்ளை: பொருட்களை ஒரு தட்டத்தில் எப்போதும் ஒரே ஒழுங்கில் வையுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காமல், சொல்லிவிட்டு வழிகாட்டுங்கள். ஓரளவு பார்வை உண்டென்றால் பச்சைப் பயறை வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டுங்கள்.

காது கேளாத பிள்ளை: உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பேசுங்கள். முதலில் காட்டுங்கள், பின்பு சொல்லுங்கள். பொருளையும் வாயையும் ஒரே நேரத்தில் அப்பிள்ளை பார்க்க முடியாது. வேர், தண்டு, இலை என்ற சொற்களை அட்டையில் எழுதி அருகில் வையுங்கள். பேணியின் வாயில் பொலித்தீனை இழுத்துக் கட்டி, மேலே அரிசி தூவித் தட்டினால் மணிகள் துள்ளும். ஒலி என்பது அதிர்வு என்பதை இப்பிள்ளை கண்ணாலும் விரலாலும் அறியும்.

மெல்லக் கற்கும் பிள்ளை: ஒரு நேரத்தில் ஒரு படி. முதலில் இரண்டு சிரட்டைகள் போதும். தினமும் அதே சொற்களைப் பாவியுங்கள். “சொல்லு” என்பதற்குப் பதில் “காட்டு” என்று கேளுங்கள். நீர் விடும் பொறுப்பை அப்பிள்ளையிடமே கொடுங்கள்.

கை கால் இயங்காத பிள்ளை: சிரட்டையை எட்டும் உயரத்தில் வையுங்கள். கரண்டிப் பிடியில் துணி சுற்றினால் பிடிக்க இலகு. வேறொருவர் கைகொடுத்தாலும், என்ன செய்வதென்று தீர்மானிப்பது பிள்ளையாக இருக்கட்டும்.

சமையலுக்கு வாங்கிய பயறையே பாவியுங்கள். விதைப்புக்கென விற்கும் விதையில் மருந்து பூசப்பட்டிருக்கலாம். அது பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது.

பாடசாலையும் உரிமையும்

வீட்டுப் பாடம் பாடசாலைக்கு ஈடாகாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, வலுக்குறைவைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுப்பது தடைசெய்யப்பட்ட பாரபட்சம். அதிபர் தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். தனியே போகாமல் இதே தேவையுள்ள நாலைந்து பெற்றோர் சேர்ந்து போவது நல்லது. ஈர்க்கு அட்டையையும் கொண்டுபோங்கள். பிள்ளையால் என்ன முடியும் என்பதை அதுவே காட்டும்.

நிலத்தை விட்டு வந்தாலும் விதையையும் மண்ணையும் பற்றிய அறிவு நம்மோடு வந்திருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குப் பகிரும்போது ஒரு பிள்ளையை விட்டுவிட்டால், நாளைக்கு வயலிலும் அப்பிள்ளைக்கு இடமிருக்காது.

கலந்துரையாடுவோம்

1. நமது அயலில் பாடசாலைக்குப் போகாத விசேட தேவையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? காரணம் என்ன?

2. நாம் செய்யும் தொழில்களில், கண்ணைப் பாவிக்காமல் அறியக்கூடியவை எவை?

3. வாரத்தில் ஒரு மணி நேரம் இப்பிள்ளைகளை ஒன்றுசேர்த்துப் பரிசோதனை செய்ய யார் முன்வருவார்?