நின்றுபோன டிராமும் ஒரு கேள்வியும்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நகரங்கள் எப்படி மாறின என்பதைப் பற்றிய பாடம் உண்டு. அதை நடத்தும்போது சென்னை மவுண்ட் ரோட்டின் பழைய புகைப்படம் ஒன்றைத் திரையில் காட்டினேன். சாலை நடுவே தண்டவாளம். அதன்மேல் ஒற்றைப் பெட்டி வண்டி. மேலே ஒரு கம்பி.

“ரயில் ஏன் சார் ரோட்டுல போகுது?” என்றான் ஒரு மாணவன். அது டிராம் என்றும், சென்னையில் ஒரு காலத்தில் ஓடியது என்றும் சொன்னேன். எங்கள் பள்ளி சென்னையிலிருந்து வெகுதொலைவில் உள்ள கிராமத்தில் இருக்கிறது. டிராம் என்ற சொல்லையே பிள்ளைகள் பலர் அன்றுதான் கேட்டார்கள். “இப்ப ஏன் சார் ஓடல?” என்ற அடுத்த கேள்விக்கு வகுப்பே சேர்ந்து பதில் சொன்னது: “பழசாயிடுச்சு, நிறுத்திட்டாங்க.”

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. பழசானவை எல்லாம் நின்றுவிடுவதில்லை. அதைவிடப் பழைய ரயில் இன்றும் ஓடுகிறது. அதனால் அந்தப் பதிலைச் சோதிப்பதையே மூன்று பாடவேளைகளுக்கான வேலையாக்கிக்கொண்டோம். வேறு பள்ளிகளிலும் பயன்படலாம் என்பதால் நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடவேளை: காலக்கோடு

கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு போட்டு, இந்த ஆண்டுகளை ஒவ்வொன்றாகக் குறித்தோம்.

1873 – கல்கத்தாவில் குதிரை இழுத்த டிராம்
1895 – சென்னையில் மின்சார டிராம் (மே 7)
1901 – லண்டன் மாநகரில் மின்சார டிராம்
1902 – கல்கத்தாவில் மின்சார டிராம்
1907 – பம்பாயில் மின்சார டிராம்
1931 – சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில்
1953 – சென்னை டிராம் நின்றது (ஏப்ரல் 12)
1964 – பம்பாய் டிராம் நின்றது

எழுதி முடித்தபின் நான் எதுவும் சொல்லவில்லை. “கோட்டைப் பார்த்து, உங்களை ஆச்சரியப்படுத்துவது எது என்று எழுதுங்கள்” என்று மட்டும் கேட்டேன். பாதிப் பேர் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: ஆண்ட நாட்டின் தலைநகருக்கு முன்பே நம் ஊருக்கு மின்சார டிராம் வந்துவிட்டது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னையில்தான் ஓடியது. நகரத்து வீடுகளில் மின்விளக்கு பரவுவதற்கு முன்பே தெருவில் மின்சார வண்டி வந்துவிட்டது. துறைமுகப் பகுதியையும் உள்நகரத்தையும் இணைத்த அது ஆட்களோடு சரக்கையும் ஏற்றிச் சென்றது. பாரிமுனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆகியவை அதன் முக்கிய வழித்தடங்கள்.

கணக்கையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். டிராம் உச்சத்தில் இருந்த 1921-இல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் இருந்தன. எல்லா வண்டிகளையும் ஒரே நேரத்தில் சம இடைவெளியில் பாதை முழுவதும் நிறுத்தினால், ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம்? ஏறத்தாழ 250 மீட்டர். “அப்ப ஒன்னு போனா பின்னாலயே இன்னொன்னு வரும்” என்றாள் ஒரு மாணவி. 1895 மே 7 முதல் 1953 ஏப்ரல் 12 வரை எத்தனை ஆண்டுகள் என்றும் கணக்கிடச் சொன்னேன். 58 ஆண்டுகள் நிறைவடைய 25 நாள்கள் குறைவு.

இரண்டாம் பாடவேளை: ஒற்றைக் கம்பியில் எப்படி ஓடியது?

இந்த வகுப்பை அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து நடத்தினேன். அவர் ஒரு மின்கலம், இரண்டு கம்பிகள், ஒரு சிறு மோட்டார் ஆகியவற்றை வைத்துச் சுற்றை இயக்கிக் காட்டினார். ஒரு கம்பியை எடுத்துவிட்டதும் மோட்டார் நின்றது. பிறகு புகைப்படத்தைக் காட்டி, “டிராமுக்கு மேலே ஒரே கம்பிதானே இருக்கிறது? இன்னொன்று எங்கே?” என்று கேட்டார்.

ஐந்து நிமிட விவாதத்துக்குப் பின் ஒரு மாணவன் தண்டவாளத்தைக் காட்டினான். அதுதான் விடை. மேல்கம்பியிலிருந்து வண்டியின் கூரைமேல் உள்ள கம்பம் வழியாக மின்சாரம் இறங்கி மோட்டாருக்குச் செல்கிறது. அங்கிருந்து இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தை அடைந்து மின்நிலையத்துக்குத் திரும்புகிறது. “தண்டவாளத்தை மிதித்தால் ஷாக் அடிக்காதா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். தண்டவாளம் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. அதற்கும் நம் காலடித் தரைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடு அதிகமுள்ள கம்பி எட்டாத உயரத்தில் இருக்கிறது. இன்றைய மின்சார ரயிலுக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

சென்னை டிராம் முதலில் மேல்கம்பியில் ஓடவில்லை. மின்சாரம் பாயும் கம்பி சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பள்ளத்தில் கிடந்தது. சாலையில் இருந்த நீண்ட பிளவு வழியாக வண்டியின் ஓர் உறுப்பு உள்ளே இறங்கி அதைத் தொட்டுக்கொண்டே சென்றது. தெருவில் கம்பியும் கம்பமும் தெரியாது. பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் சென்னையின் மழை அதை விட்டுவைக்கவில்லை. பள்ளத்தில் நீர் புகுந்ததால், பின்னர் மேல்கம்பிக்கு மாற வேண்டியதாயிற்று.

நீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதை வகுப்பிலேயே பார்க்கலாம். 9 வோல்ட் மின்கலம், 470 ஓம் மின்தடை, ஒரு எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றைத் தொடராக இணைத்து, சுற்றின் இரு முனைகளையும் ஒன்றையொன்று தொடாமல் காலி டம்ளரில் வையுங்கள். விளக்கு எரியாது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மங்கலாக எரியலாம். உப்புப் போட்டால் நன்றாக எரியும். இந்தச் சோதனையில் விளக்கு எரிவதுதான் கசிவு. மின்சாரம் மோட்டாருக்குப் போகாமல் நீர் வழியே போய்விடுகிறது என்று பொருள். தெருவில் ஓடிவரும் மழைநீரில் மண்ணும் உப்பும் கரைந்தே இருக்கும். இந்தச் சோதனைக்கு மின்கலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது என்பதைப் பலகையில் எழுதியே தொடங்குங்கள்.

மூன்றாம் பாடவேளை: ஏன் நின்றது?

முன்பு வகுப்பு சொன்ன “பழசாயிடுச்சு” என்ற பதிலுக்கு இப்போது வந்தோம். பலகையை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் ‘தெரிந்தது’ என்றும் மறுபுறம் ‘ஊகம்’ என்றும் தலைப்பிட்டேன்.

தெரிந்தது என்பதில் இவை வந்தன: டிராமை நடத்தியது ஒரு தனியார் நிறுவனம். 1950 வாக்கில் அது திவாலாகும் நிலையை அடைந்தது. 1947 முதல் மாநில அரசே நகரப் பேருந்துகளை நடத்தத் தொடங்கியிருந்தது. பேருந்துக்குப் பொதுச் சாலை போதும். டிராமுக்குத் தண்டவாளமும் கம்பியும் போட்டுப் பராமரிக்க வேண்டும். சாலையில் தோண்டும் வேலையோ விபத்தோ நடந்தால் பேருந்து வேறு தெருவில் போகும். டிராம் அங்கேயே நிற்கும்.

ஊகம் என்பதில் வந்தவை: மக்கள் பேருந்தையே விரும்பியிருக்கலாம். வண்டிகள் பழுதாகியிருக்கலாம். சாலையில் நெரிசல் கூடியிருக்கலாம். இவற்றைத் ‘தெரிந்தது’ பக்கத்துக்கு மாற்ற என்ன சான்று வேண்டும் என்று கேட்டேன். அக்காலச் செய்தித்தாள், நிறுவனத்தின் கணக்கு, பயணம் செய்தவர்களின் பேச்சு என்று பிள்ளைகளே பட்டியலிட்டார்கள். வரலாற்றுப் பாடத்தில் சான்று என்ற சொல்லுக்கு அன்றுதான் அவர்களுக்கு உண்மையான பொருள் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது சான்றை உடனே தேடினோம். ஒரு மாணவியின் கொள்ளுத்தாத்தா சிறுவயதில் சென்னையில் கடை வேலைக்கு இருந்தவர். அவரோடு தொலைபேசியில் பேசினோம். டிராம் மெதுவாகப் போகும், மணி அடித்துக்கொண்டே வரும் என்றெல்லாம் மகிழ்ச்சியோடு சொன்னார். “காமராஜர் ஆட்சியிலதான் நிறுத்துனாங்க” என்றும் உறுதியாகச் சொன்னார். பிள்ளைகள் காலக்கோட்டில் சரிபார்த்தார்கள். டிராம் நின்றது 1953 ஏப்ரலில். அப்போது முதலமைச்சர் ராஜாஜி. காமராஜர் பொறுப்பேற்றது 1954 ஏப்ரலில். தாத்தா பொய் சொல்லவில்லை. ஓராண்டு நினைவில் நகர்ந்துவிட்டது. பெரியவர்களின் நினைவை மதிக்கவும் வேண்டும், ஆண்டைச் சரிபார்க்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. 1953-இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது என்பதால், கேட்பதற்குக் காலமும் அதிகம் இல்லை.

பிறகு கல்கத்தாவுக்குப் போனோம். சென்னையில் டிராம் நின்ற அதே 1953-இல், அங்கே டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தினார்கள். ஜூலையில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். போராட்டம் பெரிதாகி, உயர்வு திரும்பப் பெறப்பட்டது. 1967-இல் டிராம் நிர்வாகத்தை மாநில அரசே ஏற்றது. டிராம் அங்கே இந்த நூற்றாண்டு வரை ஓடியது. 2024 செப்டம்பரில்தான், ஒரு பாரம்பரிய வழித்தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு அறிவித்தது.

இரண்டு நகரங்களிலும் டிராம் ஒன்றுதான். வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். பழசானதால் நின்றது என்றால் இரண்டும் ஒன்றாக நின்றிருக்க வேண்டும். வகுப்பு தன் பழைய பதிலை இப்படித் திருத்தி எழுதியது: “நிறுவனத்துக்கு நட்டம் வந்தது. அதை ஏற்று நடத்த வேறு யாரும் வரவில்லை. பேருந்து இருந்தது. அதனால் நின்றது.” இந்த வாக்கியம் முழு உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சான்றோடு எழுதப்பட்டது. புதிய சான்று கிடைத்தால் திருத்தலாம்.

எதிர்பாராத நான்காம் பாடவேளை

இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது, கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. “எங்க ஊருக்கு வந்த காலை பஸ்ஸும் இப்படித்தான் சார் நின்னுச்சு. ஆள் ஏறல, நட்டம்னு சொன்னாங்க. பஸ் பாஸ் கையில இருக்கு, பஸ்தான் இல்ல.”

அவள் ஊர் பள்ளியிலிருந்து ஆறு கிலோமீட்டர். அந்த ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் அடிக்கடித் தாமதமாக வருவதை வருகைப் பதிவேட்டில் நான் பலமுறை குறித்திருக்கிறேன். ஏன் என்று ஒருமுறையும் முறையாகக் கேட்டதில்லை. டிராமைப் பற்றி அவ்வளவு கேள்வி கேட்ட எனக்கு அன்று சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் வகுப்பு அதே முறையில் இந்தப் பேருந்தை ஆராய்ந்தது. எந்த மாதம் நின்றது, முன்பு எத்தனை மணிக்கு வந்தது, யாரெல்லாம் ஏறினார்கள், இப்போது எப்படிப் போகிறார்கள், ஷேர் ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது. தெரிந்தது, ஊகம் என்று இரண்டு பக்கம். பள்ளிக்கு வருவோரை மட்டும் எண்ணாமல், காலையில் காய்கறி கொண்டுபோகும் பெண்களையும், மருத்துவமனைக்குப் போகும் முதியவர்களையும் பிள்ளைகளே போய்க் கேட்டு எழுதிவந்தார்கள். அந்தப் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து, தீர்மானமாக்கி, மனுவோடு அனுப்பியிருக்கிறோம். இதை எழுதும் வரை பேருந்து வரவில்லை. மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும் வகுப்பறைச் சுவரில், டிராம் காலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன.

நீங்களும் செய்ய

உங்கள் ஊரில் டிராம் ஓடியிருக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் கேஜ் ரயில், ஒரு ஜட்கா வண்டி, ஒரு படகுத்துறை, ஒரு டவுன் பஸ் என ஏதாவது ஒன்று நின்றிருக்கும். மாணவர்களிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கொடுங்கள்.

1. எப்போது தொடங்கியது, எப்போது நின்றது?
2. எப்படி இயங்கியது? அதை விளக்க எந்த அறிவியல் பாடம் உதவும்?
3. யார் பயன்படுத்தினார்கள்? யார் அதில் வேலை பார்த்தார்கள்?
4. ஏன் நின்றது? எது தெரிந்தது, எது ஊகம்?
5. நின்றதால் யாருக்கு என்ன மாறியது?

முதல் நான்கு கேள்விகளுக்கு நூலகத்திலும் இணையத்திலும் ஓரளவு விடை கிடைக்கும். ஐந்தாவதற்கு ஊரில் ஆள்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும். ஆறாம் வகுப்புக்குக் கீழ் என்றால் முதல் மூன்றும் ஒரு படமும் போதும். உயர்நிலை வகுப்புகளுக்கு ஐந்தாவதையே முதலில் கொடுத்துப் பாருங்கள்.